ஏட்டுச் சுரைக்காயும் அரும்பொருளகப் பந்தியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நூலறிவை மட்டுமே நம்பி நிற்போரை இடித்துரைக்க எழுந்தது அது. ஆனால், ஏட்டிலிருந்தே சுரைக்காயை உண்டாக்கி, அதனைக் கறியாகவும் ஆக்கி, வெள்ளித் தட்டில் இட்டுப் பந்தியிலும் வைக்கின்ற ஒரு கலை மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. அக்கறியை உண்ண முடியாது. அதில் மணம் இராது. தொட்டுப் பார்க்கவும் காவலர் விடார். எனினும் அதனைக் காண மக்கள் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கின்றனர்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழங்காலப் பெருமக்கள் வாழ்ந்த மாளிகைகள் பல, அவர்கள் வாழ்ந்த நாளில் இருந்தவாறே பேணப்பட்டு வருகின்றன. படுக்கையறையில் கட்டில் விரித்தபடி இருக்கும். எழுத்தறையில் மைக்கூட்டின் அருகே இறகுப் பேனா கிடக்கும். உணவறைக்கு வந்தால் நீண்ட மேசையின்மேல் வாட்டிய கோழியும், உப்பிட்ட பன்றித் தொடையும், ஆப்பிள் பழங்களும், நடுங்குவது போன்ற ஜெல்லியும் நிறைந்திருக்கும். வாயிலில் கட்டிய கயிற்றுக்கு இப்பால் நின்று நோக்கும் சிறுவன் தன் தாயை முதலில் கேட்கும் கேள்வி, "அது மெய்யான சாப்பாடா?" என்பதே. மெய்யன்று. மெழுகும் சுண்ணச்சாந்தும் செயற்கைப் பிசினும் வண்ணமும் கலந்து செய்த மாதிரி உணவு அது.

இதனைக் கைவினை என்று பாராட்டிவிட்டு அப்பால் செல்வோரே மிகுதி. திறனாய்வுக்கு உரிய பொருளாக இதனைக் கொள்வோர் சிலரே. ஆனால் வரலாற்று இல்லத்தில் பரிமாறப்பட்ட ஒரு மேசை வெறும் அலங்காரம் அன்று. அது ஒரு கூற்று. இம்மனையில் இன்னார் வாழ்ந்தனர், இன்ன நாளில் இன்னதை உண்டனர் என்று வாய்திறவாமல் அது சொல்கின்றது. நூலில் எழுதப்பட்டிருந்தால் சான்று எங்கே என்று வினவும் அறிஞரும், தட்டில் வைத்துக் காட்டியதை வினவாமல் ஏற்றுக்கொள்கின்றனர். கண்ணால் கண்டது என்ற மயக்கம் அத்தகையது.

மெய்யான உணவையே வைத்தால் என்ன என்று கேட்கலாம். சமையலறையில் ஓர் இரவு மூடாமல் விட்ட பாத்திரத்தின் கதியை அறிந்த எவரும் இதற்கு விடை கூறிவிடுவர். எறும்பும் கரப்பானும் எலியும் உணவைத் தேடி வரும். வந்தவை உணவோடு நில்லாமல் 200 ஆண்டுப் பழமையுடைய மரத்தையும் பட்டுத் திரையையும் கம்பளத்தையும் அரிக்கும். கொழுப்பு கசிந்து துணியில் கறைபடும். ஈரத்தால் பூஞ்சணம் பூக்கும். ஆகவே அரும்பொருளகக் காப்பாளர் பழம்பொருள் உள்ள அறைகளுக்குள் உணவை விடுவதற்கு அஞ்சுவர். முற்காலத்தில் சிலர் உண்மையான ரொட்டியை உலர்த்தி அதன்மேல் வார்னிஷ் பூசி வைத்தனர்; உப்பும் மாவும் பிசைந்து பண்டங்கள் செய்தோரும் உண்டு. மாவு மாவே அல்லவா? எத்தனை பூச்சுப் பூசினாலும் புழு தன் வழியைக் கண்டுகொள்ளும்.

செயற்கைப் பொருள்களாலும் தீங்கு இல்லாமல் இல்லை. சிலவகைச் சிலிக்கோன் பசைகள் இறுகும்போது காடியின் ஆவியை வெளியிடும். அந்த ஆவி ஈயம் கலந்த பழந்தட்டுகளை அரித்துவிடும். மென்மையான பிளாஸ்டிக் பழங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசுபிசுத்துத் தாம் இருக்கும் பீங்கானோடு ஒட்டிக்கொள்ளும். ஆதலின் பொறுப்புள்ளோர் தட்டுக்கும் மாதிரி உணவுக்கும் இடையில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய பாலியெஸ்டர் தாளை நறுக்கி வைப்பர். விருந்தினர் எவரும் வாராத இப்பந்தியில் உணவிலிருந்து தட்டைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கின்றது.

செய்யும் முறையைக் கண்டால் இக்கலையின் அருமை விளங்கும். தேர்ந்த கலைஞர் முதலில் செய்வது உண்மையான சமையலே. பழைய சமையல் நூலொன்றை எடுத்து, அதில் கூறியபடியே மாவு பிசைந்து, இறைச்சி பொதிந்து, சுட்டு எடுப்பர். ஏனெனில் அச்செய்முறையில் பண்டம் எந்த நிறம் கொள்ளும், எவ்விடத்தில் வெடிக்கும், எவ்விடத்தில் சாறு வழியும் என்பதைச் சமைத்துப் பார்த்தல்லது அறிய இயலாது. பின்னர் அப்பண்டத்தின்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுப்பர். அச்சினுள் சுண்ணச்சாந்தோ, மெழுகோ, பிசினோ வார்ப்பர். ரொட்டியின் மேற்பரப்பில் உள்ள ஊசிமுனைத் துளையும் வார்ப்பில் அப்படியே பதிந்திருக்கும். இதுவரை நிகழ்ந்தது அச்சுத் தொழில். இதற்குப் பின்னரே கலை தொடங்குகின்றது.

வார்ப்பு வெளிறிய பிணம்போல் இருக்கும். அதற்கு உயிர் கொடுப்பது வண்ணம். ரொட்டியின் பொன்னிறம் ஒரே பூச்சில் வருவதன்று. வெளிர்மஞ்சள், அதன்மேல் நீர்த்த காவி, விளிம்பில் பழுப்பு, தீ நாவு தொட்ட இடத்தில் கருமை என அடுக்கடுக்காகப் பூச வேண்டும். எல்லாவற்றினும் அருமையானது எங்கே பளபளப்பு வேண்டும், எங்கே வேண்டா என்று தெரிந்துகொள்வது. இறைச்சியின் கொழுப்புப் பகுதி மின்னும். தசைப்பகுதி அவ்வாறு மின்னாது. இவ்வேறுபாட்டை அறியாதவர் முழுவதன்மீதும் வார்னிஷைப் பூசிவிடுவர். கோழி மெருகிட்ட நாற்காலிபோல் ஆகிவிடும். தேநீருக்குத் தெளிந்த பிசினில் சாயம் கலந்து கோப்பையில் ஊற்றுவர். சர்க்கரைக்குச் சுண்ணச்சாந்தில் கூம்பு வார்த்து நீலத்தாள் சுற்றுவர். அக்காலத்தில் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாகவே விற்கப்பட்டது.

ஜப்பானிய உணவுக் கடைகளின் முகப்பில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்படும் மாதிரி உணவுகளை நம்மவர் பலர் கண்டிருப்பர். குஜோ ஹச்சிமான் என்னும் ஊரில் பிறந்த இவாசாக்கி தாக்கிசோ என்பவர் மெழுகினால் ஆம்லெட் செய்து, 1932இல் ஒசாக்கா நகரில் அதனை ஒரு தொழிலாகவே நிறுவினார். அவ்வூர் இன்றும் அத்தொழிலுக்குப் பேர்பெற்றது. திறமையில் அவை வரலாற்று இல்லத்து உணவுக்குச் சற்றும் குறைந்தனவல்ல. ஒருகால் மேம்பட்டனவாகவும் இருக்கலாம். ஆயினும் நோக்கம் வேறு. கடையின் மெழுகு உணவு உள்ளே கிடைக்கும் உண்மை உணவுக்கு வாக்குறுதி. வாடிக்கையாளர் உள்ளே சென்று, அமர்ந்து, உண்டு, ஒப்பிட்டுப் பார்த்துவிட முடியும். வரலாற்று இல்லத்து உணவுக்கு அத்தகைய ஒப்பீடு இல்லை. மெய்யுணவை உண்டவர் எவரும் இன்று உயிருடன் இல்லை. எனவே அங்கே சான்று ஒன்றே துணை.

சான்றைப் புறக்கணித்தால் நேரும் பிழைகள் நகைப்புக்கு இடமாகின்றன. எளிதில் கிடைக்கின்றதே என்று இன்றைய கோழியொன்றை வாங்கி அச்செடுத்து 18ஆம் நூற்றாண்டு மேசையில் வைத்தோர் உண்டு. இன்றைய பண்ணைக் கோழியின் பருத்த மார்பு 20ஆம் நூற்றாண்டின் இனப்பெருக்க முயற்சியால் விளைந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் காலத்துக் கோழி மெலிந்தது, நெஞ்செலும்பு துருத்தியது, நெடுங்கால் உடையது. தட்டும் கத்தியும் மேசைவிரிப்பும் அந்நூற்றாண்டினவாக இருக்க, கோழி மட்டும் நேற்றுச் சந்தையிலிருந்து வந்து அமர்ந்திருக்கும். நம்முடைய சரித்திரக் கதைகளிலும் இதற்கு நிகரான காட்சிகளுக்குக் குறைவில்லை. சோழ மன்னனின் விருந்தில் மிளகாய் மணக்கும் குழம்பைப் பரிமாறிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குச் செல்லும் ஆசிரியர், மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியே வந்த பொருள் என்பதை மறந்துவிடுகின்றார். மன்னனுக்குக் கிடைத்தது மிளகு.

பண்டங்களை மேசையில் அடுக்கும் முறையும் காலத்துக்கு உரியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு முறை என்று வழங்கியது, ஒரு சுற்றுக்குரிய பண்டங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும்படி மேசையில் பரப்பிவிடுவது. நம் வாழையிலையில் எல்லாம் ஒருங்கே வந்து அமர்வதை இதனோடு ஒருவாறு ஒப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டில் பரவிய ரஷ்ய முறையிலோ பண்டங்கள் ஒவ்வொன்றாகப் பணியாளர் கையால் வரும். மேசையின் நடுவில் பூவும் பழமுமே இருக்கும். இவ்விரண்டையும் கலந்து வைத்துவிட்டால் எத்துணை நேர்த்தியான பண்டமும் பயனற்றுப் போகும். எலிசபெத் ராஃபால்ட் 1769இல் முதன்முதல் வெளியிட்ட சமையல் நூலின் பதிப்புகளில், பெருவிருந்து மேசையில் எத்தட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதற்குரிய வரைபடமே அச்சிடப்பட்டுள்ளது. மாதிரி உணவு செய்வோர்க்கு அது கிடைத்தற்கரிய வழிகாட்டி.

அவ்வம்மையாரின் நூலில் மற்றொரு சுவையான செய்தியும் உண்டு. நம் நாட்டில் அகர்-அகரை அச்சிலிட்டு உறையவைப்பது போல, பாலேடும் பாதாமும் சேர்த்து உறையவைக்கும் 'ஃபிளம்மரி' என்னும் இனிப்பு அக்கால விருந்துகளில் இடம்பெற்றது. அதனைக் கொண்டு முட்டையும் பன்றியிறைச்சியும் போலவும், கோழிக்கூடு போலவும், சாலமன் கோயில் போலவும் உருவங்கள் செய்ய அந்நூல் கற்பிக்கின்றது. அதே காலத்தில் இலண்டனின் செல்சீ பீங்கான் ஆலையில் முயல் வடிவிலும் காய்கனி வடிவிலும் மூடியுள்ள பாத்திரங்கள் செய்யப்பட்டன. ஆக, விருந்தினரைக் கணநேரம் ஏமாற்றி மகிழ்வது அக்காலத்துப் பெருமனைகளின் பொழுதுபோக்கு. இன்று ஒரு கலைஞர் பிசினை வார்த்து, முட்டை போன்ற ஃபிளம்மரியைச் செய்யும்போது, அவர் செய்வது போலிக்கும் போலி. ஆனால் அந்தப் போலியே வரலாற்றுக்கு மிக நெருங்கி நிற்கின்றது என்பதுதான் வியப்பு. பிரிட்டனின் உணவு வரலாற்றறிஞர் ஐவன் டே இத்துறையில் காட்டிய வழி போற்றத்தக்கது. 2011இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ரியென்சி மாளிகையில் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில விருந்துக் கலையைப் பற்றி அவர் துணைநின்று அமைத்த கண்காட்சியும், 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி ஆய்வு நிலையத்துக்காகப் பழஞ்சித்திரம் ஒன்றைப் பின்பற்றிச் சர்க்கரையால் அவர் எழுப்பிய மாளிகையும், நூலறிவும் கைத்திறனும் ஒன்றுபட்டால் ஏட்டுச் சுரைக்காய் என்னவாகும் என்பதற்குச் சான்றுகள்.

இதுவரை கூறியவற்றால் இக்கலையின் மேன்மை சான்றுக்கு உண்மையாக இருப்பதில் உள்ளது என்று முடித்துவிடலாம். பலரும் அவ்வாறே முடிக்கின்றனர். கோழியின் மார்பைத் திருத்தினால் போதும், தட்டை ஓரங்குலம் நகர்த்தினால் போதும் என்பது அவர்தம் எண்ணம். ஆனால் ஒவ்வொரு பண்டமும் சான்றோடு பொருந்தியிருக்க, மேசை முழுவதும் பொய்யாகிவிடுவதும் உண்டு.

முதலாவது, காலம் பற்றிய பொய். வரலாற்று இல்லத்தின் மேசை எப்பொழுதும் விருந்தினர் அமர்வதற்கு முந்திய கணத்திலேயே நிற்கின்றது. ரொட்டி வெட்டப்படவில்லை, குவளை காலியாகவில்லை, எலும்பு ஒதுக்கப்படவில்லை. அங்கே எவரும் உண்டதில்லை, இனி உண்ணப்போவதும் இல்லை. உணவு என்பது உண்ணப்பட்டு மறைவதற்காகவே உண்டாக்கப்படுவது. மறையாத உணவு சிற்பமாகிவிடுகின்றது. இலண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஃபோல்கேட் தெரு 18ஆம் எண் வீட்டை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும். அமெரிக்காவிலிருந்து சென்ற டென்னிஸ் செவர்ஸ் என்பவர் 1979இல் அவ்வீட்டை வாங்கி, 1999இல் தாம் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து, பட்டு நெசவுக் குடும்பம் ஒன்று குடியிருப்பது போல் அறைகளை அமைத்தார். அக்குடும்பம் அவரது கற்பனை. அறைகளில் மெழுகுவத்தி எரியும். பாதி தின்ற ரொட்டியும் குடித்து வைத்த கோப்பையும் மெய்யாகவே கிடக்கும். உண்டுகொண்டிருந்தோர் காலடியோசை கேட்டு அடுத்த அறைக்கு எழுந்து சென்றது போன்ற தோற்றம். ஆவணம் கொண்டு நோக்கினால் அவ்வீட்டுக் குடும்பம் இருந்ததேயில்லை. ஆயினும் கடித்த ரொட்டி ஒன்று, கடிபடாத 20 பண்டங்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றது. கதை பொய்யாகவும் வாழ்க்கை மெய்யாகவும் அமைவது நல்ல நாவலில் நாம் காண்பதே.

மிச்சிலையும் அழுகலையும் செயற்கைப் பொருளில் காட்ட இயலாது என்றும் சொல்வதற்கில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகக் கண்ணாடியில் செடிகொடிகளைச் செய்தளித்த ருடால்ஃப் பிளாஷ்கா, 1924 முதல் 1932 வரை நோயுற்று அழுகும் பழங்களையே கண்ணாடியில் செய்தார். பூஞ்சணம் பூத்த பீச் பழமும் கரும்புள்ளி விழுந்த பேரியும் அவற்றுள் உண்டு. 2019இல் அவை மீண்டும் காட்சிக்கு வந்தன. மாணவர்க்குத் தாவர நோயைக் கற்பிக்கச் செய்தவை அவை. ஆயினும் கைத்திறன் எங்கும் தடையாக நிற்கவில்லை என்பதற்கு அவையே சாட்சி. செல்வர் மனையில் ஒரு பழம் அழுகியதாகக் காட்ட மனம் இசைவதில்லை, தடை அவ்வளவே.

இரண்டாவதும் பெரியதுமான பொய், யாருடைய உணவு என்பதில் உள்ளது. வர்ஜீனியாவில் போட்டோமாக் ஆற்றங்கரையில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகை இருக்கின்றது. அவர் மறைந்த 1799இல் அப்பண்ணையில் அடிமைகளாக இருந்தோர் 317 பேர். மாளிகையில் பெருவுணவு பிற்பகல் 3 மணிக்கு. அதற்காக லூசி, நேதன் என்னும் அடிமைச் சமையலர் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினர். வாஷிங்டன் காலையில் விரும்பி உண்டது, மக்காச்சோள மாவில் சுட்ட அடை. அதன்மேல் வெண்ணெயும் தேனும் வழியும். இதனை அவர் குடும்பத்தாரே எழுதி வைத்துள்ளனர். மாதிரி உணவு செய்வோர்க்கு இது வாய்ப்பான பண்டம். தேனுக்குப் பொன்னிறப் பிசின், வெண்ணெய்க்கு மெழுகு, பார்ப்போர் நாவில் நீர் ஊறும்.

அதே சோளமாவு அடிமைகளுக்கும் அளந்து கொடுக்கப்பட்டது. ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 குவார்ட். நம் அளவையில் 1 லிட்டருக்குச் சற்றே அதிகம். அதனோடு உப்பிட்ட மீன் 5 முதல் 8 அவுன்ஸ் வரை. அம்மீனும் ஆண்டுதோறும் இளவேனிலில் அவர்களே ஆற்றில் வலைவீசிப் பிடித்து, உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தது. வெண்ணெயும் தேனும் அப்பங்கீட்டில் இல்லை. ஒரே மாவு ஒரே வேலிக்குள் இரு திசையாகப் பிரிந்து சென்றதை, மாளிகையின் உணவறை மேசை மட்டும் காட்டுமானால் பார்வையாளர் அறிய வழியில்லை.

எளியோரின் உணவுக்குச் சான்று இல்லை என்று சிலர் கூறுவதுண்டு. பொருட்பட்டியலும் சமையல் நூலும் உடைமையாளர் எழுதியவை. குடிசையில் என்ன கொதித்தது என்று எவர் எழுதி வைத்தார் என்பது அவர்தம் வினா. வினா நேர்மையானதே. ஆனால் விடை இல்லாமல் இல்லை. பங்கீட்டின் அளவுகள் பண்ணைக் கணக்கிலேயே உள்ளன. மேலும் மவுண்ட் வெர்னனில் அடிமைக் குடும்பங்கள் வாழ்ந்த பெருங்கொட்டிலின் நிலவறையை 1980களில் அகழ்ந்தபோது மீன்முள்ளும், பறவை எலும்பும், காட்டு விலங்குகளின் எலும்பும் கிடைத்தன. அளந்து கொடுத்தது போதாமல், ஓய்ந்த நேரத்தில் அவர்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வயிறு நிரப்பினர் என்பதை அந்நிலவறை காட்டுகின்றது. எலும்பு கிடைத்த பிறகும் ஒரு தட்டை நிரப்பச் சான்று போதாது என்பது பொருந்தாது. செல்வர் மேசையிலுள்ள பண்டங்கள் பலவற்றுக்கு அந்த அளவு சான்றும் இல்லை. மவுண்ட் வெர்னன் நிர்வாகமே 2016 முதல் சில ஆண்டுகள் அடிமைகளின் வாழ்க்கையை முதன்மையாகக் கொண்ட கண்காட்சியொன்றை நடத்திற்று என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் கடன். காலம் மாறிவருகின்றது; மேசைகள் சற்று மெதுவாக மாறுகின்றன.

மேசைமேல் உள்ள சர்க்கரைக் கூம்பையும் இவ்வாறே நோக்க வேண்டும். நீலத்தாளில் சுற்றிய அந்த வெண்கூம்பு செய்வதற்கு எளிது, அழகாகவும் இருக்கும். அக்காலத்துச் சர்க்கரையின் பெரும்பகுதி கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. பிரிட்டிஷார் தம் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த பிறகு, அதே கரும்புக்காக மொரீசியசுக்கும் நெட்டாலுக்கும், நம் செபராங் பிறைத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோருள் தமிழர் பலர். அவ்வழி வந்த தமிழர் ஒருவர் அம்மேசைமுன் நின்றால், ஏனையோர் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் படக்கூடும்.

உணவைச் செய்து காட்டுவதோடு அமையாமல் சமைத்தவரையும் காட்டுதல் இயலுமா என்னும் வினா எழலாம். ஆளின் உருவத்தை மெழுகில் வார்த்து அடுப்பருகே நிறுத்துவது ஒரு வழி. பெரும்பாலும் அது பொம்மைக் கொலுவாகவே முடிகின்றது. அதனினும் நுட்பமான வழி சமையலறை மேசையிலேயே இருக்கின்றது. பாதி உரித்த கோழி, ஒருபுறம் நறுக்கி மறுபுறம் நறுக்காத கிழங்கு, பிசைந்த மாவில் பதிந்த கைவிரல் தடம் ஆகியவற்றைச் செய்து வைத்தால், அங்கே ஒருவர் நின்று வேலை செய்தார் என்பதை உணவே சொல்லிவிடும். அவருக்குப் பெயரும் உண்டு என்றால் அதனை அருகே எழுதிவைப்பதில் இடர் ஒன்றும் இல்லை. தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையில் சமைத்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ், 1784இல் ஜெஃபர்சனோடு பாரிசுக்குச் சென்று பிரெஞ்சுச் சமையலைக் கற்றவர். தமக்குப் பின் சமைக்கத் தம் உடன்பிறப்பைப் பழக்கிவிட்ட பிறகே 1796இல் விடுதலை பெற்றார். பிரியுமுன் சமையலறைப் பாத்திரங்களின் பட்டியலைத் தம் கையாலேயே எழுதி வைத்தார். அப்பட்டியல் இன்றும் உள்ளது. செப்புப் பாத்திரங்களை அப்பட்டியல்படி அடுக்கிவிட்டு, எழுதிய கையை மறந்துவிட இயலாது.

வாஷிங்டனின் சமையலரோ பட்டியல் எழுதவில்லை. ஹெர்குலிஸ் என்னும் அவர் பிலடெல்பியாவில் குடியரசுத் தலைவர் மனையின் தலைமைச் சமையலராக விளங்கியவர். உடையின் மிடுக்குக்கும் அடுக்களையில் செலுத்திய ஆணைக்கும் பேர்பெற்றவர். 1796இன் இறுதியில் அவர் மவுண்ட் வெர்னனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை சமையலன்று. செங்கல்லுக்குக் களிமண் தோண்டவும் கல் உடைக்கவும் அவர் அனுப்பப்பட்டார். 1797 பிப்ரவரி 22ஆம் நாள், வாஷிங்டனுக்கு 65 வயது நிறைந்த அன்று, ஹெர்குலிஸ் பண்ணையை விட்டுத் தப்பினார். பிடிபடவில்லை. 1812இல் நியூயார்க்கில் ஹெர்குலிஸ் போஸி என்னும் பெயரோடு அவர் இறந்ததை ஆய்வாளர் 2019இல் கண்டறிந்தனர்.

பிறந்தநாள் விருந்து மாதிரி உணவு செய்வோர்க்குப் பெரிதும் விருப்பமான பொருள். அடுக்கடுக்கான கேக்கும், சர்க்கரைப் பூவும், தெளிந்த ஜெல்லியும், வாட்டிய இறைச்சியும் வைக்கலாம். ஒரு மேசையை முடிக்கப் பல மாதங்கள் உழைக்கலாம். நாட்டிலேயே புகழ்வாய்ந்த சமையலர் ஒருவர் அக்குளிர்காலத்தில் களிமண் குழியருகே உண்ட உணவைச் செய்வதற்கோ அத்தனை உழைப்பு வேண்டுவதில்லை. ஒரு மரக்கிண்ணம், அதில் பொடித்த மஞ்சள் நிற மாவு, பக்கத்தில் உப்புப் படிந்த ஒரு மீன். மீனுக்கு ஓர் அச்சு போதும். மாவுக்கு அச்சும் வேண்டா.